ஆள் வரட்டும்

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பாசத்தில் உருகிப்போய் எழுதியிருக்கிறான் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். எழுபதுகளில் கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதிப் பக்கம் கிணற்றில் மோட்டார் வைத்திருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் சப்ஸ்டேஷனுக்கு ஆபரேட்டராக வந்து, இருந்த வருஷமெல்லாம் எங்கள் உயிரை வாங்கிவிட்டுப் போனவர் அவர்.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், 'என் பேர எழுத ஒமக்கு யாரு உத்தரவு குடுத்தா, காயிதத்தக் காட்டும்' என்று எங்கிருந்தாவது கேட்டுவிடுவார்.

பார்ப்பதற்கு ஆள் ஒன்றுமில்லை. ஒடிசலான உடம்பு. காக்கிச் சட்டையைச் சித்திரை வெயிலிலும் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். காதில் ஒரு பென்சில். சப்ஸ்டேஷன் கேட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து, இன்னொரு தரமும் இழுப்பார். டீக்கடைக்காரர் தினமும் அதைப் பார்த்துவிட்டு, "பூட்டு அழுகுதுங்க, உட்டுருங்க" என்பார். அவர் காதில் வாங்க மாட்டார்.

சொந்த ஊர் உடும்பஞ்சோலைப் பக்கம். ஏலத்தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்கு ஏறினவர்கள் என்பதால், 'சொல்லுதேன்', 'பாக்குதேன்' என்றுதான் பேசுவார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். முதுகுக்குப் பின்னால் ஏலக்காயார் என்று பேர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும். "நீங்க மட்டும் என்ன? ஏனுங்க, வாங்கன்னு வாய் நிறைய மரியாதை. மனசுக்குள்ள முழுக்கத் திட்டு" என்பார். அதுவும் உண்மைதான்.

அவருடைய வியாதி என்னவென்று சொல்கிறேன். எங்காவது கம்பி அறுந்தால் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார். அவர் மேலே இருக்கும்போது சப்ஸ்டேஷனில் அந்த லைனின் ஸ்விட்சைப் போட்டுவிட்டால் தீர்ந்தது, ஆள் கரிக்கட்டை. அதனால் வேலைக்குப் போகுமுன் லைன்மேன் சப்ஸ்டேஷனுக்கு வந்து, கரண்டை நிறுத்தச் சொல்லி ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போவார். வேலை முடிந்ததும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார். சீட்டு வந்தால் ஆபரேட்டர் லைனைப் போடுவார். ஆபீஸ் வைத்த சட்டம் அவ்வளவுதான். மற்ற ஊர்களில் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

நம்மவருக்கு அது போதாது. "சீட்டு என்னத்துக்காவும்? காத்துல பறந்து வந்தாலும் சீட்டுதான், செத்தவன் பையில இருந்து எடுத்தாலும் சீட்டுதான்" என்பார். அவராகவே மூன்று ஏற்பாடு செய்துகொண்டார். முதலாவது சாவி. ஸ்விட்சின் கைப்பிடியை லைன்மேனையே பூட்டச் சொல்லி, சாவியை அவர் இடுப்பிலேயே கட்டி அனுப்பிவிடுவார். இரண்டாவது ஒரு வார்த்தை. சாவியைக் கொடுக்கும்போது காதோடு காதாக ஒரு வார்த்தையைச் சொல்வார். ஒரு நாள் சொன்னது மறுநாள் செல்லாது. மூன்றாவது ஆள். எந்த மனுஷன் போனானோ அதே மனுஷன் திரும்பி வந்து முன்னால் நிற்க வேண்டும். சாவி, வார்த்தை, ஆள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், இந்திரனே வந்து கேட்டாலும் கரண்ட் கிடையாது.

என் மகள் இப்போது கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு போட வேண்டுமாம். போட்டால் செல்போனுக்கு ஒரு நம்பர் வருமாம். அதையும் போட்டால் விரலை வை என்கிறதாம். "அஞ்சு வருசமா அங்கயே வேலை பாக்கறனுங்கப்பா, என்ற மேலயே சந்தேகம் பாருங்க" என்று அலுத்துக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை ஒரு மிஷினும் இல்லாமல், காதில் பென்சிலோடு, ஒரே ஆளாகச் செய்தவரை எனக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை.

வார்த்தைகள் கூட ஒரு வரைமுறை இல்லாமல்தான் இருக்கும். ஓணான். சம்பந்தி. அத்திப்பழம். வாட்டசாட்டமான லைன்மேன் நாலு மைல் சைக்கிள் மிதித்து வந்து, கேட்டுக் கம்பிக்குள் தலையை விட்டு, யாருக்கும் கேட்காமல் "அத்திப்பழம்" என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இவர் சிரிக்கவே மாட்டார். "சரி" என்பார். பூட்டைத் திறப்பார்.

எங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். லைன்மேன் நேராக வந்து நிற்கிற வரைக்கும் எங்கள் மோட்டார் ஓடாது. சீட்டு வந்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் தண்ணீர் நிற்கும். வாய்க்காலில் பாதி ஓடின தண்ணீரை மண் குடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து தண்ணீர் கட்ட வேண்டும். ஒரு தரம் பொறுக்க முடியாமல் நானே ஒரு வேலை செய்தேன். பழைய லைன்மேன் ஒருத்தருக்குக் கள் வாங்கிக் கொடுத்து, வார்த்தையைக் கறந்து, சாவியையும் வாங்கிக்கொண்டு ஜம்மென்று சப்ஸ்டேஷனுக்குப் போனேன்.

சாவியை வாங்கிப் பார்த்தார். வார்த்தையைக் கேட்டார். "ரெண்டு வந்திருக்கு. ஆள் எங்கெ?" என்றார்.

"ஆளு வந்துட்டே இருக்காருங்க."

"வந்துட்டே இருக்கவன் வந்தவன் இல்ல."

"நாந்தேன் வார்த்தைய சரியாச் சொன்னனுங்கல்லோ?"

"அதாலதான் இன்னும் கூடுதலா சந்தேகமா இருக்கு" என்றார். "ஒமக்கு எப்படிவே அது தெரியும்?"

அந்த லைன்மேன் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த பூசை தனிக் கதை.

வீட்டிலும் இதே கூத்துதான். சப்ஸ்டேஷனுக்குப் பின்னால் கோட்டர்ஸ். அவர் சம்சாரம் தண்ணீர்க் குடத்தோடு வந்து கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "யாரு?" என்பார். அந்த அம்மாள் "நான்தான்" என்பாள். "நான்தான்னு எல்லாருந்தான் சொல்லுதாவ. யாருன்னு சொல்லு" என்பார். "ஒங்களக் கட்டிக்கிட்டு நாசமாப் போனவ, கதவத் தொறங்க" என்று அந்த அம்மாள் போடுகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கும். அதற்குப் பிறகுதான் திறப்பார். புருஷனும் பெண்டாட்டியும் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பெரிய ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். கார்டைக் காட்டுங்கள் என்றார் இவர். ஆபீசர் முகம் சிவந்து கார்டைக் காட்டினார். போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல மீசை இல்லையே" என்றார். அப்புறம், எதற்கு வந்தீர்கள் என்பதற்குக் காகிதம் கேட்டார். அது ஜீப்பில் இல்லை. ஆபீசர் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே, பாலக்காட்டுக்கு டிரைவரை அனுப்பி எடுத்துவரச் சொன்னார். அடுத்த வாரம் மெமோ வந்தது. மெமோக்களைக் குத்தி வைக்கச் சுவரில் ஒரு கம்பி அடித்து வைத்திருந்தார். அதில் இடம் போதாமல் இன்னொரு கம்பி அடித்தார்.

இவர் இப்படி இருப்பதற்கு ஊரில் ஒரு கதை கட்டிவிட்டார்கள். மலையில் வேலை பார்த்தபோது இவர் ஸ்விட்சைப் போட்டு, கூடப்பிறந்த தம்பியே கம்பத்தில் கருகிப்போனான் என்று. அதை எல்லோரும் நம்பினோம். பாவம், அதனால்தான் இப்படி என்று கொஞ்சம் மன்னிக்கவும் செய்தோம். ஒரு நாள் டீக்கடையில் நான் அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தம்பியே கிடையாது" என்றார். "என் கையால யாரும் சாவல. ஏன், ஒருத்தன் செத்தாத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்னு சட்டமா?"

டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு துக்கம் இருந்திருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாமல் ஒரு மனுஷன் இவ்வளவு வீம்பு பிடித்தால் யார் பொறுப்பது?

பங்குனியில் ஒரு காற்று வந்தது. மழை இல்லை, வெறும் காற்று. பெருமாட்டிப் பக்கம் தென்னை மரங்கள் கம்பிமேல் விழுந்து லைன் மொத்தமும் போயிற்று. எட்டு நாள் கரண்ட் இல்லை. என் ஒன்றரை ஏக்கர் கடலைக்காய்ச் செடியில் அப்போதுதான் ஊசி இறங்குகிற சமயம். அந்த நேரத்தில் மண் ஈரமாக இல்லாவிட்டால் ஊசி காற்றிலேயே காய்ந்துவிடும், காய் பிடிக்காது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். ஏற்றத்தான் வழியில்லை. ஒன்பதாம் நாள் எங்கள் ஆட்கள் எல்லோரும் சப்ஸ்டேஷன் முன்னால் திரண்டுவிட்டோம்.

அன்று காலையில் லைனுக்குப் போயிருந்தவர் என் மச்சான். என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். லைன்மேன் வேலைக்கு வந்து அப்போது ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கூட உதவிக்குப் போனவன் தாமு. கொல்லங்கோட்டுப் பக்கத்து மலையாளி. எங்களோடு பேசும்போது மலையாளத்தையும் தமிழையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து பேசுவான்.

மத்தியானம் தேங்காய் வியாபாரி ரங்கன் சைக்கிளில் வந்து இறங்கினான். மச்சான் கொடுத்தனுப்பினார் என்று சாவியைக் காட்டினான். கையெழுத்துப் போட்ட சீட்டையும் காட்டினான். கேட்டருகே போய் ஆபரேட்டர் காதில் வார்த்தையையும் சொன்னான். எட்டு நாள் ஏறி இறங்கி மச்சானுக்குக் கால் வீங்கியிருந்தது. நாலு மைல் வர முடியாமல்தான் அன்றைக்கு ஒரு நாள் ஆபரேட்டரின் சட்டத்தை மீறி ரங்கனை அனுப்பினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

ஆபரேட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, "ஆள் வரட்டு" என்றார்.

சப்ஸ்டேஷன் போனும் அந்தக் காற்றிலேயே செத்துக் கிடந்தது. எதிரே இருந்த பால் சொசைட்டியில் ஒரு போன் உயிரோடு இருந்தது. தண்ணீர் குடிக்க நான் அங்கே போனபோது அது அடித்தது. சொசைட்டிக்காரரும் கூட்டத்தில் நின்றதால் நானே எடுத்தேன். தாமு பேசினான். பெருமாட்டி தபாலாபீசிலிருந்து கூப்பிடுகிறான். ஒரே இரைச்சல். அதற்குள், போய்ச் சொல்லிவிடச் சொல்லிக் கத்தினான்: "பணி ஆயிட்டில்ல! ஒந்நு பறஞ்ஞேக்கணே, பணி ஆயிட்டில்ல!" அதோடு லைன் அறுந்துவிட்டது.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். "தாமு போன் பண்ணிட்டானுங்க! வேலை ஆயிருச்சில்லன்னு சொல்றானுங்க! ஆயிருச்சு!" என்று கத்தினேன்.

அதே நேரம் எஞ்சினியரும் ஜீப்பில் வந்து சேர்ந்தார். ஆபரேட்டர்மேல் எழுதி வைத்திருந்த புகாரை அவர் கையில் கொடுத்தோம். அதை எழுதினவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. எஞ்சினியர் படித்துவிட்டு, சாவி வந்தாயிற்றா, சீட்டு வந்தாயிற்றா என்று கேட்டார். "எல்லாம் வந்திட்டுண்டு. பின்னெ என்ன? லைனைச் சார்ஜ் பண்ணு" என்றார்.

"ஆள் வரலை சார்."

"ரூல்ல ஆள் வரணும்னு எங்கே இருக்கு?"

"ரூல்ல இல்ல."

எஞ்சினியர் ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து, லைனை உடனே போட வேண்டும் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். இவர் கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டிக்கொண்டு வந்து அதை வாங்கினார். நிதானமாகப் படித்தார்.

"இன்னும் ஒரு வரி எழுதிருங்க சார். 'ஆள் கம்பத்துல இருந்து எறங்கிட்டான், நான் என் கண்ணால பாத்தேன்'னு எழுதுங்க. ஒடனே போடுதேன்."

எஞ்சினியர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "போன் கேட்டது நீயா? நிச்சயமாத்தானா?"

இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் என் காது சூடாகிறது. நான் முன்னால் வந்து நின்றேன். "கம்பத்துக்குப் போனது என்ற மச்சானுங்க. ஊரான் இல்லீங்க. என்ற அக்கா தாலி மேல சத்தியமாச் சொல்றனுங்க, வேலை ஆயிருச்சு. என்ற ரெண்டு காதால கேட்டனுங்க."

கூட்டம் ஓவென்று கத்தியது. ஆபரேட்டர் என்னையே பார்த்தார். சாவியைச் சட்டைக்குள் விட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். "ஆள் வரட்டு" என்றார்.

நான்தான் முதலில் கை வைத்தேன். அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினேன். எப்போதும் போட்டிருக்கிற அந்தக் கழுத்துப் பித்தான் தெறித்துப் போயிற்று. "என்ற மச்சான் மேல எனக்கு இல்லாத அக்கறை உனக்கென்னய்யா? எங்க வெள்ளாமை காயுதய்யா! எடு சாவிய!" என்று கத்தினேன். யாரோ அவர் கன்னத்தில் அறைந்தார்கள். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. ஒருத்தன் ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டு வந்தான். கேட்டை உடைத்து, உள்ளே இருக்கிற பூட்டையும் உடைத்து, நாங்களே ஸ்விட்சைப் போட்டுக்கொள்கிறோம் என்றான். எஞ்சினியர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உதட்டில் ரத்தத்தோடு அவர் குனிந்து பென்சிலை எடுத்தார். எஞ்சினியர் கொடுத்த காகிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பி, பென்சிலையும் சேர்த்துக் கடப்பாரைக்காரனிடம் நீட்டினார்.

"ஒடை. நான் தடுக்கலை. ஒம் பேரையும் தகப்பனார் பேரையும் இதுல எழுதிட்டு ஒடை. 'நான்தான் போட்டேன்'னு எழுதிட்டுப் போடு."

அவன் காகிதத்தைப் பார்த்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான். வாங்கவில்லை. பக்கத்திலிருந்தவனிடம் நீட்டினார். அவனும் வாங்கவில்லை. அப்படியே ஒவ்வொருத்தராக நீட்டிக்கொண்டே வந்து என்னிடமும் நீட்டினார். சத்தியம் செய்த வாய் என்னுடையது. ஆனாலும் கை மேலே எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம். யாரும் வீட்டுக்கும் போகவில்லை, கேட்டையும் தொடவில்லை. அப்போது டீக்கடைப் பக்கமிருந்து மச்சான் வந்தார். நொண்டிக்கொண்டு, தோளில் கயிறும் இடுப்பு வாரும் தொங்க, உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும்.

"என்னுங்க இத்தனை கூட்டம்?" என்றார். ஆபரேட்டர் உதட்டைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ புரிந்தது. "ரங்கனை அனுப்புனதுக்கப்புறம் பார்த்தனுங்க, மூணாவது கம்பத்துல கம்பியத் தாங்கற பீங்கான் வெடிச்சு நிக்குது. அத உட்டுட்டு வர மனசில்லாம மறுக்கா ஏறிட்டேன். வேலை இன்னும் ஆகலைன்னு போன் போட்டுச் சொல்லச் சொல்லி தாமுவை ஓட விட்டனுங்களே? இப்பத்தேன் எறங்கி வரேன். யாரோ லாரிக்காரன் ஏத்திட்டு வந்தான்."

இன்னும் ஆகலை. மலையாளத்தில் 'ஆயிட்டில்ல' என்றால் அதுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து மலையாளம் கேட்டு வளர்ந்தவன் நான். தாலுக்காபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் எனக்கு மலையாளம்தான். தாமு தமிழ் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, ஆயிருச்சில்ல என்று கேட்டுவிட்டேன். இரைச்சலைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, என் காது அதற்கேற்ற மாதிரி கேட்டுக்கொண்டது. சாவி வந்தது நிஜம். வார்த்தை வந்தது நிஜம். ரெண்டும் புறப்பட்டபோது மச்சான் கீழே நின்றதும் நிஜம். நான் அக்கா தாலிமேல் சத்தியம் செய்த நேரத்தில் அவர் மூன்றாவது கம்பத்தின் உச்சியில் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடப்பாரைக்காரன் அதை ஓசைப்படாமல் வேலியோரம் வைத்தான்.

ஆபரேட்டர் மச்சானைக் கேட்டருகே கூப்பிட்டார். "வார்த்தையச் சொல்லும்."

"ரங்கன்கிட்டச் சொல்லி அனுப்பிச்சனுங்களே."

"ஒம்ம வாயால சொல்லும்."

"புளிச்சக்கீரைங்க" என்றார் மச்சான். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றிலிருந்து விம்மி விம்மி அழுதார்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றும் வந்துவிட்டது. இனியாவது போடுவார் என்று எஞ்சினியர் வாட்சைப் பார்த்தார். இவர் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு, "தாமு எங்கெ?" என்றார்.

"அவன் மேல ஏறவே இல்லீங்களே. போன் பண்ணிட்டு சைக்கிள்ல வாரான்."

"போனது ரெண்டு பேரு" என்றார்.

ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. எஞ்சினியர் உள்பட அத்தனை பேரும் தாமு வருகிற வரைக்கும் வெயிலில் நின்றோம். அவன் வந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், "எந்தா?" என்றான். பிறகுதான் கரண்ட் வந்தது. என் கடலைக்காய்க்கும் தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்பதையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கொடுத்த புகார் எஞ்சினியர் பையோடு போய்விட்டது. மறுநாளே ஓடிப்போய்த் திருப்பிக் கேட்டேன். பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். எழுத்து மூலமான உத்தரவை மீறினதற்காக விசாரணை வைத்தார்கள். நான் போய், காதில் தப்பாக விழுந்தது, பொய்ச் சத்தியம் செய்தது, கழுத்தைப் பிடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு உயிர் தப்பியதே என்றேன். விசாரணை அதைப் பற்றியது அல்ல என்றார்கள். நம்மவர் கொடுத்த விளக்கம் ரெண்டே வரி என்று கிளார்க் சொன்னார்: அன்று நான் லைன் போடவில்லை. மறுபடி அப்படி வந்தால் மறுபடியும் போட மாட்டேன்.

மாற்றல் வந்தது. எங்கே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "ஒமக்கு எதுக்கு?" என்றாராம்.

புறப்படுகிற அன்று நானும் மச்சானும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். ட்ரங்குப் பெட்டிமேல் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிக்க மாட்டேன்" என்றார்.

கும்பிட்ட கையை நான் இறக்கவில்லை.

"அடிச்சது கெடக்கு, வலி அன்னைக்கே போச்சு. காதுல தப்பா விழுந்ததும் ஒம்ம குத்தமில்ல. கண்ணால பாக்காத ஒண்ணுக்கு நீரு சத்தியம் பண்ணீரு. ஒம்ம அக்காவ நடுவுல வச்சுப் பண்ணீரு. அத எப்படி மன்னிக்க?" என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "நீரு சாவிய அடுத்தவன் கையில குடுத்தீரு. ஒம்மையும் மன்னிக்க மாட்டேன்."

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்ற நான் கை கொடுத்தேன், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மனுசன் கடைசி வரைக்கும் எறங்கியே வரலையே மாப்ளே" என்றார்.

வரவில்லைதான். அன்றைக்குக் கேட்டருகே இறங்கி வந்திருந்தால், இதைச் சொல்ல மச்சான் இருந்திருக்க மாட்டார்.